கோல்கீப்பர் கொடுத்த புகார்

பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியில் அவளுடைய சொந்தப் பெயர் எப்போதோ காணாமல் போய்விட்டது. எல்லாருக்கும் அவள் 'சுவர்'தான். முதுகலை இரண்டாம் ஆண்டு, கோல்கீப்பர். அப்பா லாரி ஓட்டுகிறவர், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் முகத்தைத் திருப்பாமல் நெஞ்சைக் கொடுப்பாள்.

புதிதாக வந்த கோச்சுக்கு வாய் நிறைய "மகளே". நிற்கிற விதம் சரியில்லை என்று இடுப்பைப் பிடிப்பார். முட்டியை மடக்கச் சொல்லித் தொடையில் தட்டுவார். தட்டிய கை, எடுக்க மறந்ததுபோல அங்கேயே கிடக்கும். தைல வாடையும் புதினா மிட்டாய் வாடையும் கலந்து மூஞ்சியில் அடிக்க, தின்ற சோறு அவளுக்குத் தொண்டைவரை வரும்.

ஒருநாள் புதுக் கையுறை வந்திருக்கிறது, அளவு பார் என்று சாமான் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு அவளை அலமாரியோடு நெருக்கி முத்தமிட்டார். இவள் தள்ளிய தள்ளில் பந்து மூட்டை அவிழ்ந்து அறை முழுக்க உருண்டது. அந்த ஆள் சிரித்தார்.

"என்ன மகளே, கோச்கிட்ட போய் கூச்சப்படுற?"

விடுதிக்கு ஓடி வந்து வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். உதடு எரிந்ததே தவிர அருவருப்பு போகவில்லை.

அணித்தலைவியிடம் சொன்னாள். அக்கா அக்கா என்று அவள் பின்னாலேயே சுற்றியவள் இவள்.

"அவர் அப்படித்தான்டி. கண்டுக்காத. மாநில டீம் செலக்ஷன் வருதில்ல?"

"உங்களுக்கும் நடந்திருக்காக்கா?"

தலைவி குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள்.

விளையாட்டுத் துறைத் தலைவரிடமும் போய்ச் சொன்னாள். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "புகார் அது இதுன்னு போனா டீமே கலைஞ்சுடும்மா. நீயும் கொஞ்சம் லூசா டிரஸ் போட்டுக்க."

"ஜெர்சிதான் சார் போட்டிருந்தேன். நீங்க கொடுத்தது."

அவர் மேஜைமேல் காறித் துப்பிவிட்டு வரலாமா என்று இருந்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டு அம்மா அழுதுவிட்டாள். "நீ வீட்டுக்கு வந்துடுறியாம்மா?"

"நான் எதுக்கும்மா வரணும்? அவன் போகட்டும்."

மாணவர் நல அலுவலகம் நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்த அதிகாரி மேடத்துக்குக் கடும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே முதலில் கேட்டது, "இன்னிக்குப் பாதுகாப்பா தங்க இடம் இருக்கா உனக்கு?" அதைக் கேட்டதும்தான் இவளுக்கு அழுகை வந்தது.

மேடம் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு நிதானமாகச் சொன்னார். "சும்மா பேசிட்டுப் போறதுன்னாலும் போகலாம். இங்க ஆலோசகர் இருக்காங்க, காசு கிடையாது. விசாரணைக் குழுவுக்குப் புகார் கொடுக்கலாம். போலீசுக்குப் போறதுன்னா நானும் கூட வரேன். விசாரணை முடியிற வரைக்கும் அந்த ஆளை மைதானத்துப் பக்கம் வராம வைக்கக் கேட்கலாம். பரீட்சையைத் தள்ளி வைக்கவும் வழி இருக்கு. எதுன்னாலும் முடிவு உன்னோடதுதான். இன்னிக்கே சொல்லணும்னு இல்லை."

ஆலோசகரை அன்றைக்கே பார்த்தாள். இரண்டு நாள் யோசித்துப் புகாரும் கொடுத்தாள். போலீசைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

கோச்சின் சிநேகிதன் ஒருவன் சமாதானம் பேசுகிறேன் என்று அப்பாவைப் போனில் பிடித்தான். பெண்ணோட எதிர்காலம், கல்யாணம் என்று இழுத்தவனிடம் அப்பா, "யோவ், இன்னொரு தடவை பேசின, லாரியோட உன் வீட்டு வாசலுக்கே வந்துடுவேன்" என்று வைத்துவிட்டார்.

விசாரணைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்த கோச், "இவ என் மக மாதிரிங்க" என்று தழுதழுத்தார். குழுவில் ஒருவர் இவளைப் பார்த்து, "அப்பவே ஏம்மா கத்தலை?" என்றார். துணைக்கு உட்கார்ந்திருந்த மேடம், "அந்தக் கேள்வி வேண்டாம் சார்" என்று வெட்டினார். அடுத்த சாட்சி என்று கூப்பிட்டபோது உள்ளே வந்தது அணித்தலைவி. யாரும் அவளை வரச்சொல்லவில்லை, தானாகவே பேர் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கும் நடந்துச்சு. அதே ரூம்ல," என்றாள். இவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

குற்றம் உண்மை என்று குழு எழுதியது. கோச்சுக்கு வேலை போயிற்று. ஆனால் அறிவிப்புப் பலகையில் 'சொந்தக் காரணங்களுக்காக விலகினார்' என்று ஒட்டியிருந்தார்கள். துறைத் தலைவர் அறையில் டீயும் பிஸ்கட்டுமாக வழியனுப்பு விழா வேறு. அந்த அறிவிப்பைப் படித்ததும் சாமான் அறை வாடை மறுபடி மூக்கில் ஏறியதுபோல இருந்தது அவளுக்கு. நேரே மேடத்திடம் போனாள். மேடம் மேலிடத்தில் சண்டை போட்டு அந்தக் காகிதத்தைக் கிழிக்க வைத்தார். 'ஒழுங்கு நடவடிக்கையின் பேரில் நீக்கம்' என்று புதிதாக ஒட்ட அவர்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆலோசகரிடம் வாராவாரம் போகிறாள். சில நாள் சோறு இறங்குகிறது, சில நாள் இல்லை. புதிதாக வந்திருக்கும் கோச் ஒரு பெண். காலை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தானே நின்று காட்டுகிறாள்.

செலக்ஷன் அன்று துறைத் தலைவர் எதிரே வந்து, ஒன்றுமே நடக்காததுபோல, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதேம்மா!" என்று இளித்தபடி கையை நீட்டினார்.

"எனக்கு வாந்தி வருது சார்," என்று சொல்லிவிட்டு அவள் மைதானத்துக்குள் இறங்கினாள்.