ரயில் பலகைக்கு அடியில் சில்வர் கவர்

ஓசூரில் ஒரு பிரஸ் மெஷின் என் வீட்டுக்காரரின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. ஒன்றரை வருடம் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தார். அந்த மனுஷனை எழுப்பி உட்காரவைத்தது, பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு பொம்மை ரயில். கட்டில் அளவு பிளைவுட் வாங்கித் தண்டவாளம் போட்டார்; அதன்மேல் எங்கள் ஸ்டேஷனையும் சானமாவுக் காட்டையும் எழுப்பினார். இடது கையால் சால்டரிங் பழகினார். சிக்னலுக்கும் தடம் மாற்றுவதற்கும் அவரே செய்த ஏழு போர்டுகள் பலகைக்கு அடியில் தொங்கின. நான் வாளித் தண்ணீரை வீசி ஊற்றி வீடு கழுவுகிறவள். "அந்த ரூம்ல மட்டும் தொடச்சி உடு மே, ஊத்தாத" என்பார்.

நானும் போர்டு தெரிந்தவள்தான். அதுதான் வினை. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாக பேக்கிங் லைனில் இருக்கிறேன். உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் போர்டைக் கெடுத்துவிடும், கையில் பட்டை கட்டாமல் தொடாதே, சில்வர் கவரில் போடாமல் வெளியே விடாதே என்று புதுப் பெண்களுக்குப் பாடம் எடுப்பதே நான்தான். மடங்கிப்போன கவர்களைக் குப்பையில் போடுவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து, கடுகு, சீரகம் போட்டு வைத்திருந்தேன்.

பெங்களூரில் வசதியானவர்களுக்கு இதுபோல ரயில் பலகை செய்துகொடுக்கும் ஒருவர், போனில் இவருடைய வீடியோவைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். பிடித்துவிட்டால் வயரிங் வேலை முழுக்க இவருக்குத்தான். காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து சுவிட்சை அணைத்துவிட்டு, அயர்ன் பண்ணிய சட்டையோடு, அவரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தார். கை போனபிறகு அன்றுதான் அதைக் கேட்டேன்.

இவர் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஷீட் கூரையில் ஓட்டை. பலகைமேல் சொட்டிய தண்ணீர் வயர் இறங்கும் துளை வழியாக அடியில் கசிந்தது. சொட்டுகிற இடத்தில் ஒரு பாத்திரம் வைத்திருந்தால் போதும். பாடம் எடுக்கிறவளுக்கு அது போதுமா? டப்பாவில் மிச்சமிருந்த கவர்களை எடுத்து, ஏழு போர்டுக்கும் மாட்டி, டேப் போட்டு இறுக்கி ஒட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது.

இருவரும் நனைந்தபடி வந்தார்கள். கவர் போட்டதைச் சொல்லக்கூடத் தோன்றாமல் காபி போடப் போய்விட்டேன். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. ரயில் ஒரு முழம் ஓடியிருக்கும். பிறகு கருகல் வாடை வந்தது.

வந்தவர் குனிந்து பார்த்தார். "ஏன்ரீ இது? இந்தக் கவருக்குள்ள மெட்டல் பூச்சு இருக்குது. கம்பி முனையெல்லாம் அதுல குத்தி ஷார்ட் ஆயிடுச்சு. கரண்ட் ஓடுற போர்டுக்கு யாராவது இதைப் போடுவாங்களா? யார் போட்டது?"

எங்கள் லைனுக்கு வரும் போர்டுகளில் ஒருநாளும் கரண்ட் ஓடியதில்லை. ஆறு வருடத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

டம்ளர்களோடு வாசற்படியில் நின்ற என்னை இவர் ஒருமுறை பார்த்தார். "நாந்தான் சார் போட்டேன். மழ வரும்னு."

நான் வாய் திறக்கவில்லை. அந்த ஆள் முன்னால் முட்டாளாக நிற்க வெட்கம், அவ்வளவுதான். வந்தவர் பாதி காபி குடித்தார், பார்க்கலாம் என்று கன்னடத்தில் சொன்னார், கிளம்பிவிட்டார். இவரைப் போர்டு வேலை தெரியாத ஆள் என்று நினைத்துத்தான் போனார். நான்தான் போட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டார்.

மழை விட்டதும் இவர் பலகைக்கு அடியில் படுத்து கவர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கருகாத இரண்டை மடித்து என்னிடம் நீட்டினார். "கடுகு போட்டு வெக்க ஆவும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. இவர் இப்போது ஒரு கம்பெனி கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் வண்டிகளின் நம்பரை இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்.