சுவர்முட்டி

புதிய கேம் எதுவாக இருந்தாலும், அவர் முதலில் செய்வது கதாநாயகனைக் கொண்டுபோய் ஒரு சுவரில் முட்ட விடுவதுதான். ஒரு பக்கம் எதிரிகள் ஊரைக் கொளுத்திக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் இளவரசி கதறிக்கொண்டிருப்பாள். இவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், வரைபடத்தின் கடைசி ஓரத்தில் இருக்கும் குதிரை லாயத்தின் பின்சுவரைத் தேடிப் போவார். கதவு திறக்கிறதா, மேலே ஏற விடுகிறார்களா, கடலில் இறங்கினால் எதுவரை நீந்தலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார். "எல்லாரும் பாக்குற எடத்த எவனும் நல்லாத்தான் செய்வான். யாரும் வராத மூலைய எப்படிச் செஞ்சிருக்கான்னு பாக்கணும். அங்கதான் ஆளு யாருன்னு தெரியும்" என்பது அவர் கட்சி.

வாசகர் ஒருவர் கேலியாக வைத்த பெயர்தான் சுவர்முட்டி. அவருக்கு அது பிடித்துப்போய், கட்டுரைகளின் கீழே அதையே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். இப்போது சொந்தப் பெயரைச் சொன்னால்தான் யாரென்று கேட்கிறார்கள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முன் வழுக்கை, வட்டத் தொப்பை, இரண்டு பெருவிரல்களின் ஓரத்திலும் காய்ப்பு. வீட்டின் பின்பக்க அறையில் துவைக்கும் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே அவருடைய அலுவலகம் இருக்கிறது. மெஷின் துணி பிழியத் தொடங்கினால் மேசை அதிரும், திரை நடுங்கும். முக்கியமான கட்டமென்றால் எழுந்து போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார். அன்றைக்குத் துணி காயாது. வீட்டில் பேச்சு விழும்.

வேலை என்னவென்று வெளியாருக்கு விளக்குவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிடும். வாடகைக்கு வீடு தேடியபோது வீட்டுக்காரர், "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "வீடியோ கேம் வெளயாடிப் பாத்து எழுதுறேங்க." வீட்டுக்காரர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "அது சரி, எல்லாரும்தான் வெளயாடுறோம். வேலை என்ன?" நல்லவேளை, பக்கத்தில் இவர் மனைவி இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. வீடு மனைவியின் தொழிலை நம்பித்தான் கிடைத்தது.

அவர் எழுதுவது ஓர் இணைய இதழுக்கு. கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. கேம் வராத நாட்களில் அதே இதழுக்காக, எந்த ஃபிரிட்ஜ் வாங்கலாம், எந்த மின்விசிறி சத்தம் போடாது என்றெல்லாம் எழுதுவார். வீட்டு வாடகையைக் கட்டுவது பெரும்பாலும் ஃபிரிட்ஜ்கள்தாம். "ஃபிரிட்ஜ பத்தி எழுதுனா படிச்சிட்டு நன்றிம்பாங்க. கேம பத்தி எழுதுனா படிக்காமலே திட்டுவாங்க. எனக்கு என்னவோ அந்தத் திட்டுதான் ருசியா இருக்கு."

போன வருஷம் வந்த ஒரு கேமில் சண்டையே கிடையாது. போர் முடிந்து ஒரு வீரன் தன் குதிரையோடு ஊர் திரும்புகிறான், அவ்வளவுதான் கதை. மழை, ஆறு, எரிந்துபோன தோப்புகள், ஆளில்லாத சத்திரங்கள். இவருக்குச் சொல்லவா வேண்டும்! ஒவ்வொரு சத்திரத்தின் பின்சுவரையும் முட்டிப் பார்த்துவிட்டு உருகி உருகி எழுதினார். அதில் ஒரு பத்தியை ஊரே கொண்டாடியது. 'இவன் நிற்கும்போதெல்லாம் இடப்பக்கம் சாய்கிறான். தோளில் தொங்கிய ஆயுதத்தை எப்போதோ எறிந்துவிட்டான். அதன் பாரம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.' இதழின் ஆசிரியை அந்த வரியையே தலைப்பாக்கினார். கேமைச் செய்த நிறுவனத்தார் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஆமா சார், எனக்கும் சாயுறான், கண்ணு கலங்கிடுச்சு" என்று வாசகர்கள் எழுதினார்கள்.

அடுத்த வாரம் ஒரு மாலை, மனைவி இஸ்திரி போட்டபடி கைப்பேசியில் வீடியோ ஓடவிட்டிருந்தார். மின்னல் என்ற பெயரில் சேனல் நடத்தும் ஓர் இளைஞனின் விமர்சனம் அது. மூச்சு விடாமல் பேசுவான். அவனுக்கு இருக்கும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இவருடைய இதழுக்குக் கிடையாது. இஸ்திரிப் பெட்டி பாதிச் சட்டையில் நின்றது.

"ஏங்க, இங்க வாங்களேன். இந்தப் பையன் உங்கள மாதிரியே பேசுறான்."

மின்னல் சொல்லிக்கொண்டிருந்தான்: "நீங்க நல்லா கவனிச்சீங்கன்னா நம்ம ஹீரோ சும்மா நிக்கும்போதுகூட லெஃப்ட் சைடு சாஞ்சுதான் நிப்பாரு மக்களே. துப்பாக்கிய தூக்கிப் போட்டாச்சு, ஆனா அந்த வெயிட்டு இன்னும் போகல!"

அவர் கேட்டார். மறுபடி ஓட்டிக் கேட்டார். சத்திரம், தோப்பு, மழை என்று தான் எழுதிய வரிசையிலேயே எல்லாம் வந்தது. பந்தலைப் பிரித்து வேறு இடத்தில் போட்டதுபோல, சொல் மட்டும் வேறு, கால்களெல்லாம் அவருடையவை. முகம் சிவந்துவிட்டது. "திருடன்! என் வீட்டுக்குள்ள பூந்து, என் சட்டைய மாட்டிக்கிட்டு, என் தெருவுலயே நடக்குறான் பாரு!"

ஆசிரியை அனுபவஸ்தர். போனிலேயே பெருமூச்சு விட்டார். "எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒரு சொல்லுகூட அப்படியே எடுக்கலையே. சாயுறது கேம்லயே இருக்கு, நானும் பாத்தேன், சொன்னேன்னு சொல்லிட்டா நாம என்ன பண்ண முடியும்?"

அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சுவரைக்கூட முட்டவில்லை.

ஞாயிறு காலை மனைவிதான் பேச்சை எடுத்தார். "அப்படி என்னதான் சாயுறான் உங்காளு? காட்டுங்க பாப்போம்." அவர் கேமைப் போட்டார். கன்ட்ரோலரை இஸ்திரி மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மழையில் வீரன் நின்றான். நின்றவன் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தான். "பாத்தியா!" என்று தாடையால் திரையைக் காட்டினார்.

மனைவி திரையைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் வாங்கியது அது. ஆளை நடக்கவைக்கும் இடப்பக்கக் குமிழின் ரப்பர் தேய்ந்து மொட்டையாகிவிட்டது.

"உங்க மச்சான் குடுத்த புதுசு எங்க?"

"அது எதுக்கு? எனக்கு இதுதான் கைக்குப் பழக்கம்."

"எடுங்க. ரெண்டு கண்ணாடியையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாத்தானே, கோளாறு கண்ணுலயா கண்ணாடியிலயான்னு தெரியும்."

புதிய கன்ட்ரோலரை இணைத்தார்கள். வீரன் மழையில் விளக்குக் கம்பம் போல நேராக நின்றான். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அப்படியே நின்றான். தேய்ந்த குமிழ் யாரும் தொடாமலே ஓர் இழை இடப்பக்கம் ஒதுங்கியிருந்திருக்கிறது. நடக்கும் அளவுக்கு அது போதாது. சாயும் அளவுக்குப் போதும். மற்ற கேம்கள் அதைச் சட்டை செய்யவில்லை, இந்தக் கேம் மட்டும் மதித்திருக்கிறது.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

செய்தி கேட்ட ஆசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மாட்டினான்! கேம்ல இல்லாதத அவன் எங்க பாத்தான்? உங்க கட்டுரையிலதான்!" அடுத்த நொடி குரல் இறங்கியது. "ஆனா... நாமளும் மாட்டினோமே. இத்தன வருஷமா எழுதுற ஆளு, கன்ட்ரோலர் பழுதப் போய்க் கவிதைன்னு எழுதிட்டாருன்னு சிரிப்பாங்க. தலைப்பு வேற அதுதான்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். அந்தப் பத்திய சத்தமில்லாமத் தூக்கிடுவோம். யாரு பாக்கப் போறா?"

"தூக்கிட்டா அவனும் தப்பிச்சிடுவான் மேடம்."

"உங்க மானமும் தப்பிக்கும்ல?"

அன்று முழுக்க அவர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல் மின்னலைப் பிடிக்க வழியில்லை. அவனை விட்டுவிடலாம் என்றாலும் வேறொன்று உறுத்தியது. தங்களுக்கும் சாய்வதாக எழுதி, கண் கலங்கிய அந்த வாசகர்கள். அவர்களில் பலருக்கு வீரன் நேராகத்தான் நின்றிருப்பான். இருந்தும் சுவர்முட்டி சொல்லிவிட்டாரே என்று தங்கள் கண்ணைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அதை நினைத்ததும் அவருக்கு உடம்பு கூசியது.

மறுநாள் கட்டுரையின் உச்சியில் திருத்தம் வந்தது. 'வீரன் நேராகத்தான் நிற்கிறான். சாய்ந்தது என் கன்ட்ரோலர். அதைச் சோதிக்காமல் எழுதியது என் தவறு. சாய்ந்ததாக நம்பியவர்கள் மன்னிக்கவும். நேராகப் பார்த்தவர்கள் உங்கள் கண்ணையே நம்பவும்.' மின்னலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மின்னலின் வீடியோவை யாரோ தோண்டி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்கள். "மின்னல், உன் வீட்டு கன்ட்ரோலரும் அதே பக்கம் தேஞ்சிருக்கா?" என்று கேட்காத ஆளில்லை. அவன் வீடியோவை எடுத்துவிட்டான். பிறகு சேனலில் அரவமே இல்லை. சுவர்முட்டியும் தப்பவில்லை. கோணலாக நிற்கும் கம்பம், பைக், பூனை என்று எதைக் கண்டாலும் படம் பிடித்து, 'பாரம் இன்னும் இறங்கவில்லை' என்று எழுதி அவருக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த பெரிய கேமை ஆசிரியை வேறொருவருக்குக் கொடுத்தார். "கொஞ்சம் ஆறட்டுமேங்க" என்றார். அவர் சரியென்று ஃபிரிட்ஜுக்குத் திரும்பினார்.

ஒரு ஃபிரிட்ஜைப் பற்றிப் பாதி எழுதியிருந்த பிற்பகலில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே... மின்னல் பேசுறேன்."

இந்த அழைப்புக்காக அவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தார். சூடான, அழகான, நாலு பேர் மேற்கோள் காட்டும்படியான வசனங்கள். ஒன்றும் வரவில்லை. வேக வேகமாகப் பேசும் அந்தக் குரல் இப்போது சொல்லுக்குச் சொல் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே. நியாயமே கெடையாது, தெரியும். எங்களுக்கெல்லாம் முன்கூட்டியே கேம் அனுப்ப மாட்டாங்க. ரிலீஸ் அன்னிக்கே வீடியோ வரலன்னா யாரும் பாக்க மாட்டாங்க. அதான் அங்கங்க படிச்சு... முதல்ல ஒண்ணு ரெண்டு வரிதாண்ணே எடுத்தேன். அப்புறம் அதுவே பொழப்பாயிடுச்சு."

"அந்தக் கேம நீ வெளயாண்டியா, இல்லியா?"

"ஆரம்பத்துல ஓடுற படத்த மட்டும் பாத்தேண்ணே. நான் ஒரு கேம முழுசா முடிச்சு எத்தன வருஷமாச்சுன்னே தெரியல. கேம் பைத்தியத்துலதான் சேனலே ஆரம்பிச்சேன். இப்ப கன்ட்ரோலரத் தொட்டாலே, என்ன பேசுறது, எங்க வெட்டுறதுன்னுதான் ஓடுது."

அவர் கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே விளங்கவில்லை. முழுசாகப் போய்விடவும் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஓர் ஆத்திரம் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"அடப்பாவி! அவ்வளவு நல்ல கேம வெளயாடாமயா திருடுன?"

அவர் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"இப்ப வீட்லதானே இருக்க? போடு. கேமரா வேணாம், மைக் வேணாம். போனப் பக்கத்துல வச்சிட்டு ஆடு. நான் லைன்ல இருக்கேன்."

"என்னண்ணே..."

"போடுறா."

கைப்பேசியின் ஸ்பீக்கரில் மழை கேட்கத் தொடங்கியது. ஈர மண்ணில் குளம்புச் சத்தம். மின்னல் பேசவே இல்லை. ஆற்றைக் கடக்கும் ஒலியை வைத்து அவன் எங்கே இருக்கிறான் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டார். வழி சொல்ல வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார். ஒரு தடவை அவன் குதிரையோடு சகதியில் வழுக்கி விழுந்து, தன்னை மறந்து சிரித்தான். உடனே, "சாரிண்ணே" என்றான். இவர் சும்மா உம் கொட்டினார். எதிரே திரையில் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் நிறை குறைகள் பாதியில் நின்றிருந்தன.

வெகுநேரம் கழித்து அவன் குரல் வந்தது. சேனலில் பேசும் குரல் இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வது போன்ற குரல்.

"அண்ணே, இந்தக் குதிர இருக்கே... இவன் எறங்கி நடந்தா, கொஞ்ச தூரம் முன்னாடி போயி நின்னு திரும்பித் திரும்பிப் பாக்குது. இவனப் பாக்கலண்ணே. இவனுக்குப் பின்னாடி ரோட்டப் பாக்குது. போகும்போது நெறைய பேராப் போயிருப்பாங்கல்ல? மத்தவங்க எங்கன்னு தேடுதுபோல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குதிரையோடு எத்தனை பொழுதைக் கழித்திருக்கிறார்! சுவர்களையெல்லாம் பார்த்தார். சாயாத மனிதன் சாய்வதைக்கூடப் பார்த்தார். குதிரை எதைப் பார்க்கிறது என்று பார்க்கவில்லை.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்தியபோதுதான் கவனித்தார். விரல்கள் அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கியிருந்தன. ஃபிரிட்ஜின் குளிர்பதன வசதிக்குக் கீழே ஒரு வரி முளைத்திருந்தது: 'குதிரை திரும்பிப் பார்ப்பது அவனை அல்ல, அவனோடு வராதவர்களை.' நல்ல வரி. தலைப்பாகவே வைக்கலாம்.

குளம்புச் சத்தம் மறுபடி கிளம்பியது. அவர் அழிக்கும் விசையின்மேல் விரலை வைத்து, அந்த வரியைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.

"ம்," என்றார் போனைப் பார்த்து. "அப்புறம்?"