ஆலகண்டிக்கு ஒரு பூசை

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஆராவமுதன் வீட்டுக் கூடத்தில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருந்தது. அதற்குள்ளே ஓர் இளவரசன் ஏழு வருஷமாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்.

அவனைத் தொங்கவிட்டது ஒரு வாரப் பத்திரிகை. 1971-இல் 'முகில்கோட்டை' என்று ஒரு மாயாஜாலத் தொடர் ஆரம்பித்து, திருச்சி ஜில்லாவில் பாதிப் பேரைச் சோறு தண்ணீர் இல்லாமல் அடித்தது. மீதிப் பேர் சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார்கள். நூற்று நாற்பத்து மூன்றாம் வாரம், இளவரசன் தழல்வேந்தன் மேகத்துக்கு மேலே இருக்கும் கோட்டைச் சுவரில், அந்தரத்தில், ஒற்றைக் கயிற்றில் தொங்கினான். 'கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது யார்?' என்று கேட்டு 'தொடரும்' போட்டார்கள். மறுவாரம் பத்திரிகையே வரவில்லை. கடையை மூடிவிட்டார்கள். ஆசிரியர் யார், எந்த ஊர் என்பதும் தெரியவில்லை.

பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஒரே வழி, மிச்சக் கதையைத் தாங்களே எழுதிக்கொள்வது. அப்படி எழுதியவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, அறுபது பேராகி, எழுதியதையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்த இடம்தான் பச்சை பீரோ. ஒரு கதையோ பாட்டோ ஏற்கப்பட்டுவிட்டால் 'பீரோவுக்குப் போயிடுச்சு' என்பார்கள். வீட்டில் பிள்ளைக்குப் பேங்க் வேலை கிடைத்தால்கூட அவ்வளவு பெருமை வராது.

பீரோவின் சாவி ஆராவமுதனிடம். அவரே பேங்க் உத்தியோகஸ்தர்தான். ஆனால் பிறந்தது கோயில் கைங்கரியக் குடும்பத்தில். மூலம் என்றால் மூலம், வியாக்கியானம் என்றால் வியாக்கியானம் என்று கேட்டு வளர்ந்த காது. பத்திரிகையில் அச்சானது மூலம். மற்றவர்கள் எழுதுவது வியாக்கியானம். மூலத்துக்கு விரோதமாக ஓர் எழுத்து உள்ளே போகாது. மூலத்தில் உயிரோடு இருப்பவர் யாரும் சாகக்கூடாது. மூலத்தில் தொங்குகிறவன் தொங்க வேண்டும். படைப்பை ஒரு மாதம் முன்னால் கொடுத்துவிட வேண்டும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மத்தியானம் கூட்டத்தில் தீர்ப்பு. திருப்பி அனுப்பினால் பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் தேதி போடுவார். மூன்று தேதி விழுந்த கதை நாலாம் முறை வரக்கூடாது.

அதனால் அந்த ஏழு வருஷத்தில் எழுதப்பட்ட நானூற்றுச் சொச்சம் படைப்புகளிலும் இளவரசன் தொங்கிக்கொண்டே இருந்தான். தொங்கியபடியே வீணை கற்றான். தொங்கியபடியே அவனுக்கு வஹீதா டீச்சர் வருஷா வருஷம் பிறந்தநாள் கவிதை பாடினார். மணப்பாறையில் முறுக்கு போடும் பிச்சமுத்து, இளவரசனுக்குப் பருந்தின் காலில் கட்டி முறுக்கு அனுப்பிய கதையைப் பதினொரு பாகம் எழுதியிருந்தார்.

டோரதி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது 1978-இல். பாலக்கரைக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஒயர்களைப் பிடித்து, இந்த ஊர்க் குரலையும் அந்த ஊர்க் குரலையும் கோத்துவிடுகிற வேலை. பேசி முடித்தவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் ஒருத்தி இருந்தாள் என்று யாருக்கும் தோன்றாது. முகில்கோட்டையில் எல்லோரும் இளவரசனையோ இளவரசியையோ பிடித்துக்கொண்டபோது, டோரதி பிடித்துக்கொண்டது ஆலகண்டியை. மூன்றே மூன்று வாரம் வந்த அரக்கி அவள். கோட்டை வாசல் காவல். முன்பல் நாலும் உதட்டுக்கு வெளியே. அவளைப் பார்த்துக் குதிரை மிரண்டது என்று மட்டும் ஆசிரியர் எழுதியிருந்தார்.

1979-இல் டோரதி ஆலகண்டி வாயால் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தாள்.

*கையில் இருப்பது கயிறு என்றார்கள்;*
*மறுமுனை கனப்பதை யாரும் கேட்கவில்லை.*
*பல்லைக் கடித்தேன், சிரிப்பு என்றார்கள்;*
*பசித்த வயிற்றில் கயிற்றைச் சுற்றிக்கொண்டேன்.*

கூட்டம் இன்னொரு தரம் படிக்கச் சொன்னது. மறுமுனையைப் பிடித்திருப்பது யார் என்ற கேள்விக்கு ஐந்து வருஷமாகப் பதில் இல்லாமல் இருந்ததே. ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேள்வி மூலத்துலயே இருக்கு. பதில் சொல்றது விரோதமாகாது. அவதான் பிடிச்சிண்டிருக்கா. பீரோவுக்குப் போகட்டும்" என்றார்.

அன்றைக்கு டோரதி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் பாலக்கரை வரை நின்றுகொண்டே வந்தாள் என்று சொல்வார்கள். காவிரிப் பாலத்தில் பஸ் தரையில் படாமல் போனது என்றும் சொல்வார்கள். கண்டக்டர் மறுக்கவில்லை.

பாட்டோடு விட்டிருக்கலாம். டோரதியால் முடியவில்லை. அரக்கி எத்தனை நாள்தான் பிடித்துக்கொண்டிருப்பாள்? 'கயிறு' என்று நாற்பது பக்கத்தில் ஒரு கதை எழுதினாள். ஆலகண்டி கடைசி மூச்சில் ஒவ்வொரு முழமாக இழுத்து இளவரசனை மேலே ஏற்றிவிட்டு, கயிற்றைக் கையிலிருந்து பிரிக்கத் தெரியாமல் செத்துப்போகிறாள். சிவப்புப் பென்சில் விழுந்தது. அடுத்த வருஷம் சாவை எடுத்துவிட்டு, அரக்கிக்கு மயக்கம் போட்டுக் கஞ்சி கொடுத்து எழுப்பினாள். கூட்டத்தில் பிச்சமுத்துவே கொட்டாவி விட்டார். இளவரசன் மேலே வந்துவிட்டதால் இரண்டாம் தேதியும் விழுந்தது.

1981 ஜூலையில் சாவைத் திரும்ப உள்ளே வைத்து, மூன்றாம் முறையாகக் கொடுத்தாள். இதுதான் கடைசி. இதுவும் திரும்பினால், ஆலகண்டி செத்தது டோரதியின் டிரங்குப் பெட்டிக்குள் மட்டும் நடந்த விஷயமாகப் போய்விடும்.

கொடுப்பதற்கு முன்னால் நாலு சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். அம்மா ரோசரி, அறுபது வயது, கதை என்றால் கையிலிருக்கும் வெங்காயத்தை அப்படியே வைத்துவிடுகிற ஆள். கடைசிப் பக்கம் முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏண்டி, அவளுக்குன்னு யாரும் இல்லையா?"

"இல்லம்மா."

"அடக்கம் யார் பண்ணினா?"

"அது வரைக்கும் எழுதல."

"நல்லா எழுதின போ" என்று எழுந்து போனவள், அன்றையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, பாலக்கரை சர்ச்சில் காலைப் பூசையில், பங்குச் சாமியார் அன்றைய கருத்துகளை, அதாவது யார் யாருக்காக அந்தப் பூசை என்று எழுதிக் கொடுத்திருந்த சீட்டை, வாசித்தார். அந்தோணியம்மாளுக்கு முப்பதாம் நாள். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவருக்கு ஆண்டு நினைவு. அப்புறம் சீட்டைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆலகண்டி அம்மாள் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

டோரதிக்குக் காது இரண்டும் சுட்டன. பக்கத்தில் திரும்பினாள். ரோசரி கண்ணை இறுக்கி மூடி, ஜெபமாலையை வேகமாக உருட்டிக்கொண்டிருந்தாள். கோயிலில் நானூறு பேர் முழங்காலில் நின்று, நாதியில்லாமல் செத்த ஓர் அரக்கிக்காக மன்றாடினார்கள்.

வெளியே வரும்போது சாமியார் வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ரோசரியம்மா, நீங்க எழுதி வெச்ச அந்த ஆலகண்டி அம்மா யாரு? உறவா?"

"மகளுக்குத் தெரிஞ்சவங்க சாமி."

"எந்த ஊரு?"

"முகில்கோட்டைங்க."

"மணப்பாறைப் பக்கமா?"

"அதையும் தாண்டிங்க சாமி. ரொம்ப மேல."

சாமியார் மலைப்பக்கத்து உப்பிலியபுரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார். தெருமுனை தாண்டியதும் டோரதி வாயைத் திறந்தாள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? கதையில செத்தவளுக்குப் பூசையா?"

"கதையில செத்தா சாவு இல்லையா? நீதானே கொன்ன? நானாவது ஒரு பூசை வெக்க வேணாமா?"

 டோரதிக்குப் பூசையைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் சவரிநாதன் முழங்காலில் நின்றதை அவள் பார்த்திருந்தாள். டிராயிங் மாஸ்டர், முகில்கோட்டைக் கூட்டத்தில் அவரும் ஒருவர். பெயர் காதில் விழுந்ததும் அவர் முதுகு நிமிர்ந்ததையும் பார்த்திருந்தாள். கதையை உள்ளே தள்ளுவதற்காக டோரதி கோயிலையே துணைக்கு இழுத்தாள் என்று ஸ்ரீரங்கத்தில் நினைத்தால்?

மத்தியானம் கூடத்தில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிச்சமுத்து கொண்டுவந்த முறுக்கு டின். ஆராவமுதன் மடியில் நாற்பது பக்கம். காதில் சிவப்புப் பென்சில்.

"டோரதி, படிச்சேன். மூணு தரம் படிச்சேன். என் ஆத்துக்காரி அடுக்களையில நின்னுண்டே கேட்டா, பால் பொங்கி வழிஞ்சுடுத்து" என்றார். "ஆனா என்ன பண்றது? அந்த அம்மா மூலத்துல உசிரோட இருக்கா. நம்ம கையால சாகடிக்க நமக்கு அதிகாரம் இல்லையே."

பென்சில் காதிலிருந்து இறங்கியது. டோரதி தரையில் பதித்த செங்கல் நிறக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் சவரிநாதன். "அவங்க உயிரோட இல்லைங்க. இன்னிக்குக் காலையில அவங்களுக்குப் பூசை நடந்துச்சு. நானே முழங்கால்ல நின்னேன். நானூறு பேரு இருந்தோம்."

முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றது.

"யாருக்கு?"

"ஆலகண்டி அம்மாளுக்கு. சாமியார் பேர் சொல்லி வாசிச்சாருங்க."

ஆராவமுதன் பென்சிலைப் பிடித்தபடியே டோரதி பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏற்பாடு பண்ணினேளா?"

இல்லை, பங்கு மக்களில் யாரோ செய்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். சவரிநாதனும் கண்ணால் அதைத்தான் சொல்லச் சொன்னார். டோரதி எழுந்து நின்றாள்.

"எங்கம்மா சார். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். கதை கேட்டதிலேருந்து அவங்க சரியா சாப்பிடல. அவளுக்குன்னு யாரும் இல்லையேன்னு எழுதி வெச்சுட்டாங்க. இதை வெச்சுக் கதையை எடுத்துக்குங்கன்னு நான் கேக்கல. நீங்க தேதியைப் போடுங்க."

ஆராவமுதன் போடவில்லை. கூடத்தில் எழுந்து, பீரோவுக்கும் வாசலுக்குமாக நடந்தார். அப்படி அவர் நடந்தது நிலைப்படி தேயும் அளவுக்கு என்பார்கள்.

"இப்போ எனக்குன்னா சங்கடம் வந்துடுத்து" என்றார் கடைசியில். "உசிரோட இருக்கறவாளுக்கு யாராவது ஆத்மசாந்தி வேண்டுவாளா? நானூறு பேர் மண்டியிட்டு வேண்டியாச்சு. அவ இருக்கான்னு நான் இப்போ சொன்னா, இருக்கறவளுக்குக் கருமம் பண்ணின பாவத்தை அந்த நானூறு பேர் தலையிலயும் வெக்கறேன். மகா அபசாரம். என்னால ஆகாது."

"அப்படின்னா?" என்றார் பிச்சமுத்து.

"அப்படின்னா அவ போயிட்டா."

"போயிட்டான்னா, கயிறை இப்ப யாரு புடிச்சிருக்கா?"

இந்தக் கேள்வியை ஆராவமுதன் எதிர்பார்க்கவில்லை.  பீரோவில் ஏற்கெனவே இருக்கிற பாட்டில் கயிறு அவள் கையில். அதற்கு அவரே சம்மதம் கொடுத்திருக்கிறார். கை போனால் கயிறு நிற்காது.

"யாரும் இல்லை" என்றார் மெதுவாக. "ஒண்ணு, அவன் விழுந்திருக்கணும். அவன் சாக மூலத்துல இடமில்லை. இல்லேன்னா..." மடியிலிருந்து சரிந்த தாள்களைக் குனிந்து பொறுக்கினார். "இல்லேன்னா டோரதி எழுதினபடி மேல வந்திருக்கணும். வேற வழியே இல்லை."

ஒருவரும் கை தட்டவில்லை. அதற்குள் அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்கட்டுக்கு நடந்துவிட்டார்.

"எங்க சார் போறீங்க?" என்றார் சவரிநாதன்.

"தலைமுழுகிட்டு வரேன். பத்து வருஷப் பழக்கம். சாவுச் சேதி கேட்டுட்டு அப்படியே உக்காந்திருக்க முடியுமா?"

கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிட்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கயிறு மேலே வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாளி. டோரதி அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிச்சமுத்து, அவள் முறுக்கு தின்றாள், ஆறு, என்று மட்டும் சொல்வார்.

தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து ஆராவமுதன் பீரோவைத் திறந்தார். தாள்களில் துளை போட்டு, வெள்ளை நூல் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார். பின்பக்கத்தில் இருந்த இரண்டு சிவப்புத் தேதிகளையும் ரப்பர் வைத்து அழித்தார். அது வரை அவர் எதையும் அழித்ததில்லை. முடிச்சு விழுந்த பிறகுதான் கூட்டத்துக்கு மூச்சு வந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு தழல்வேந்தன் தரையில் கால் வைத்த சந்தோஷத்தில் வஹீதா டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டு ஆள் வந்தது. பிச்சமுத்துவுக்கு மட்டும் ஒரு கவலை.

"பன்னெண்டாம் பாகம் பாதி எழுதிட்டேனே. இப்ப பருந்தை எங்க அனுப்புறது?"

"கோட்டை அட்ரஸுக்கே அனுப்புங்க" என்றாள் டோரதி.

விஷயம் பங்குச் சாமியார் காதுக்குப் போகாமல் இருக்குமா? போனது. ரோசரியைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று கடுமையாகவே சொன்னார். ரோசரி தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் சாமியாரே, "கடைசி வரைக்கும் அந்தம்மா கயிறை விடவே இல்லையாமே?" என்று கேட்டார்.

"விடல சாமி."

அக்டோபரில் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே மூன்று பக்கத்தில் ஒரு கதை: ஆலகண்டி மோட்ச வாசலுக்குப் போகிறாள், அவளுடைய அனுபவத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே காவல் வேலை கொடுத்துவிடுகிறார்கள், அவள் பல்லைப் பார்த்து அங்கே எந்தக் குதிரையும் மிரளவில்லை. எழுத்து, பாலக்கரைக் கோயில் அறிவிப்புப் பலகையில் சாமியார் எழுதுகிற அதே எழுத்து என்று சவரிநாதன் சத்தியம் செய்தார். இறந்த பிறகு நடப்பதைப் பற்றி மூலம் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் விரோதமில்லை என்று ஆராவமுதன் நூல் கோத்துவிட்டார்.

டோரதி அன்றைக்கே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். ரோசரி வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அங்கேயும் வாசல்லதான் நிக்க வெச்சிருக்காங்களா? உக்கார ஒரு ஸ்டூலாவது போட்டாங்களான்னு எழுதிக் கேளுடி."