இன்னிக்கு இன்னா கலர்ல ஆரம்பிக்கும்?

கம்ப்யூட்டருக்கு நாலு வரி கட்டளை எழுதிக் கொடுத்துட்டா, அது தன்னால கலரைக் குழைச்சு, கோடு இழுத்து, ஓயாம படம் வரைஞ்சுக்கிட்டே போகும். அந்தக் கட்டளையை எழுதறதுதான் என் தொழில். அதை வேலூர்லயும் ஆம்பூர்லயும் நாலு பேருக்குப் புரிய வைக்கறது இன்னொரு தொழில், அதுல நான் இன்னும் ஃபெயில்தான். "கார்ட்டூனா மேடம்?"னு கேப்பாங்க. ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிடுவேன். வீட்டுல சொன்னா விளங்காத வேலை பாக்கறவங்க உங்கள்ல எத்தனை பேர் இருக்கீங்களோ, வாங்க, இப்படி உக்காருங்க. நமக்கு வேற யாரு இருக்கா?

பாகாயம் மண்டபம்

வேலூர் பாகாயத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில பெரிய எல்.ஈ.டி. திரை, அதுல என் படம். எங்க தொழில்ல ஒரு கொடுமை என்னன்னா, கம்ப்யூட்டரும் வயரும் திரைக்குப் பின்பக்கம் இருக்கும், அதனால நாமளும் அங்கதான். ஜனங்க முகம் தெரியாது. ஃபேன் இரைச்சலும் பிரியாணி வாசனையும்தான் வந்து சேரும். அன்னிக்குப் போட்டது நான் மாசக்கணக்குல உக்காந்து எழுதினது. மயில் கழுத்து நீலம் மெதுவா உடைஞ்சு, மொட்டாக் குவிஞ்சு, திரும்பக் கரையும். எனக்கே அதைப் பாத்தா கண்ணை எடுக்க மனசு வராது.

ரிசப்ஷன் முழுக்க ஓடுச்சு. கடைசிப் பந்தியில தனியா உக்காந்திருந்தேன். பொண்ணோட மாமா, பாவம் நல்ல மனுஷன், நான் தனியா சாப்பிடறதைப் பாத்துட்டு அவரே பாயசம் கொண்டாந்து ஊத்தினார். ஊத்திட்டு அக்கறையா கேட்டார்: "ஏம்மா, ரொம்ப நேரமா வெறும் கலராவே வருதே, படம் எப்பதான் ஆரம்பிக்கும்?"

கட்டை விரல் சோதனை

அப்புறம் ஆம்பூர்ல ஒரு டேனரி, தோல் பதப்படுத்தற கம்பெனி. வெளிநாட்டு பார்ட்டிங்க வந்து உக்கார்ற ரூம்ல திரை மாட்டி, தோலோட மேல்பரப்பு மாதிரியே சுருங்கி விரியற படம் ஒண்ணு போட்டேன். முதலாளியை எல்லாரும் பாய்னு கூப்பிடுவாங்க. அவர் உள்ள வந்தார், நின்னார், கண்ணு அகலமாச்சு. ஆஹா, ஒருத்தர் மாட்டினார்னு எனக்கு உள்ளுக்குள்ள குஷி. நேரா திரைகிட்ட போனார், கட்டை விரலால அழுத்தித் தேய்ச்சார். தோல் பாக்கறவங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, தேய்ச்சுட்டு அப்புறம் வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பாங்க. திரையைப் புடிக்க முடியாதே, அதனால ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வெயில் உள்ள வந்துச்சு, என் படம் வெளுத்துப் போச்சு.

"இது ஆடா, மாடா? சாம்பிள் இருக்கா?"ன்னு கேட்டார். தோல் இல்ல பாய், கம்ப்யூட்டர் அப்பப்ப புதுசா வரையறது, ஒரு தடவை வந்தது திரும்ப வராதுன்னு பெருமையா சொன்னேன். அவர் நெஜமாவே வருத்தப்பட்டார். என் தோளைத் தட்டாத குறையா சொன்னார்: "திரும்ப வராத சரக்கை வெச்சிக்கிட்டு நான் எப்படிம்மா ஆர்டர் எடுக்கறது?"

செருப்புச் சத்தம்

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற சங்கதி. அடுத்தது அப்படி இல்ல. ஒரு ஷூ கம்பெனி வாசல் ஹால்ல, பொம்பளைங்க காலையில விரல் வெச்சு அட்டெண்டென்ஸ் போட வரிசையா நிக்கற இடத்துல, திரை கொடுத்தாங்க. கல்யாணம் கிடையாது, வியாபாரம் கிடையாது. படம் படமாவே ஓடறதுக்கு எனக்குக் கிடைச்ச ஒரே இடம் அதுதான். மேனேஜர் கண்டிப்பா சொல்லிட்டார்: மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், யாரும் பாக்கலன்னா அதுல புரொடக்‌ஷன் டார்கெட் போட்டுடுவேன். நானும் சென்னையில இருக்கற அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், இந்த இடமும் போச்சுன்னா நீ பாத்து வெச்ச விளம்பரக் கம்பெனி வேலைக்கு வந்துடறேன்னு.

தினமும் வேலை ஆரம்பிக்கறப்ப படம் புதுசா ஒரு கலர்ல தொடங்கும். நான் திரைக்குப் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டிருப்பேன். செருப்புச் சத்தம் கேக்கும், வளையல் சத்தம் கேக்கும், திடீர்னு எல்லாரும் கொல்லுன்னு சிரிப்பாங்க. என் படத்தைப் பத்தி ஒரு வார்த்தை காதுல விழாது. ஒரு நாள் தாங்க முடியாம முன்பக்கம் போய் நின்னேன். அத்தனை பேரும் சட்டுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. திரும்ப ஸ்டூலுக்கே வந்து உக்காந்து அழுதேன், சொல்றதுல என்ன வெக்கம்? மாசக் கடைசியில மேனேஜர் கூப்பிட்டார்: "கேமராவுல பாத்துட்டேன் மேடம், ஒருத்தர் கூட நின்னு பாக்கல, வயரைக் கழட்டிக்குங்க."

வடை

கழட்டிட்டேன். அண்ணனுக்கு போன் பண்ணி வர்றேன்னு சொல்லிட்டேன். பெட்டியோட வாசலுக்கு வந்தா, திமிரி பக்கம் போற கம்பெனி பஸ்ஸுல ஏறப் போன ஒரு பொண்ணு இறங்கி ஓடியாந்தா. தையல் லைன்ல வேலை, பேரு கஸ்தூரி. "அந்தக் கலர் டிவி உங்களுதாக்கா? இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க?"ன்னா. அவங்க லைன்ல தினமும் பந்தயமாம். கத்தரிப்பூ கலர்ல ஆரம்பிச்சா கஸ்தூரி கட்சி, மஞ்சள்னா மேரி கட்சி, தோத்தவங்க டீ டைம்ல வடை வாங்கித் தரணும். வரிசையில நகர்ந்துக்கிட்டே முதல் கலரை ஓரக்கண்ணால பாத்துக்குவாங்களாம், நான் கேட்ட சிரிப்பெல்லாம் அதுதான்.

அடிப்பாவிங்களா! "நான் வந்து நின்னப்ப ஏன் தலையைக் குனிஞ்சீங்க?"ன்னேன். ஆஃபீஸ்ல இருந்து செக் பண்ண வந்திருக்கேன்னு நெனச்சாங்களாம். "மேனேஜர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"ஐயோ, பந்தயம் கட்டறோம்னா சீட்டைக் கிழிச்சிடுவாருக்கா."

பஸ் ஹாரன் அடிச்சுது. ஓடிப் போய் ஏறினவ, ஜன்னல் வழியா தலையை நீட்டிக் கத்தினா: "சீக்கிரம் சொல்லுங்கக்கா, இன்னிக்குப் போட்டிருந்தா இன்னா கலர்ல ஆரம்பிச்சிருக்கும்?"

இப்ப சென்னையில ஷாம்பு விளம்பரத்துக்கு நுரை வரைஞ்சுக்கிட்டிருக்கேன். காலையில கம்ப்யூட்டரைப் போடறதுக்கு முன்னாடி கத்தரிப்பூவா மஞ்சளான்னு எனக்கு நானே பந்தயம் கட்டிக்கறேன், ரெண்டு கட்சியிலயும் நான் ஒருத்திதாங்கறதால எது வந்தாலும் வடை வாங்க நான்தான் போகணும்.