அடி வாங்கத் தெரியாத ஜரீனா

சினிமாவில் சண்டை வந்தாலே, "எல்லாம் டூப்பு சார்" என்று உதட்டைப் பிதுக்குகிற கட்சியா நீங்கள்? நானும் அதே கட்சிதான். போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் வைத்துக் கட்சி மாறிவிட்டேன்!

சிப்காட்டில் பூட்டிக் கிடக்கிற ஓர் இரும்பு ஃபேக்டரி ஷெட். அதற்குள் ஷூட்டிங். கதாநாயகி போலீஸ் அதிகாரி. வில்லனின் கையாளாக வருகிற பெண்ணை அவர் ஒரே குத்தில் வீழ்த்த வேண்டும். அந்தக் கையாள் வேஷத்துக்கு நிஜமான கராத்தேக்காரியே வேண்டும் என்று தேடி, எங்கள் ஜரீனாவைப் பிடித்திருந்தார்கள்.

ஜரீனா பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். பிளாக் பெல்ட்! வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் கொஞ்ச காலம் குடியிருந்தார். இப்போது கும்மிடிப்பூண்டியில், ஃபேக்டரி வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சாயங்காலத்தில் கராத்தே வகுப்பு எடுக்கிறார். "அண்ணா, ஷூட்டிங் பாக்க வர்றீங்களா?" என்று அவர் போனில் கேட்டு முடிப்பதற்குள் நான் செருப்பு மாட்டிவிட்டேன். சென்ட்ரலில் ரயில் மாறி ஓடினேன்.

போனால்... வகுப்புப் பெண்கள் மொத்தப் பேரும் அங்கே ஆஜர்! ஞாயிற்றுக்கிழமை, ஷிஃப்ட் கிடையாது. டிபன் பாக்ஸும் வாட்டர் பாட்டிலுமாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்ததும் ஜரீனாவின் முகம் மாறிப்போனது.

"இதுங்களை யாருண்ணா வரச் சொன்னது? 'அடி வாங்காதீங்கடி, அடி வாங்காதீங்கடி'ன்னு தெனமும் கத்திக்கினு இருக்கேன். இதுங்க கண்ணு முன்னாடி நானே வுழுந்தா, நாளைக்கு எவ க்ளாஸுக்கு வருவா?"

நியாயமான கவலைதானே? வீடு வீடாகப் போய், மாமியார்களிடம் மன்றாடி, கணவன்மார்களிடம் சிரித்துப் பேசிச் சேர்த்த கூட்டம் அது. அந்த வகுப்புதான் ஜரீனாவுக்கு எல்லாம்.

ஃபைட் மாஸ்டர் விளக்கினார். உதவியாளர் 'ஒன், டூ, த்ரீ' சொல்வார். 'த்ரீ'யில் கதாநாயகி குத்துவார். அந்தக் கை ஜரீனாவின் முகத்துக்கு அரை அடி தள்ளித்தான் போகும். கேமரா, கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் இருப்பதால் பட்ட மாதிரியே தெரியுமாம்! ஜரீனா தலையைத் திருப்பிக்கொண்டு, பின்னால் கிடக்கிற மெத்தையில் விழ வேண்டும். அவ்வளவுதான்.

"ஒன்... டூ... த்ரீ!"

குத்து வந்தது. ஜரீனாவின் இடது கை எங்கிருந்து எழுந்தது என்றே தெரியவில்லை — பட்டென்று அதைத் தட்டிவிட்டது. தடுமாறி விழப் பார்த்தவர் கதாநாயகி!

"சூப்பர்க்கா! அப்டித்தான்! இன்னொண்ணு வுடு!" — கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரே விசில்.

"கட்! இன்னாம்மா நீ? உன்னை வுழச் சொன்னா அவங்களைத் தள்ளிவுடறே?" என்றார் மாஸ்டர்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் தட்டல். மறுபடியும் விசில். "பணம் தண்ணியா ஓடுதும்மா" என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓரமாக ஒரு ஸ்டன்ட்காரர் மீசையை மழித்துவிட்டு, நீள முடி விக்கைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார். ஜரீனா சரிப்படாவிட்டால் இனி அவர்தான் ஜரீனா!

விக்கைப் பார்த்ததும் நம் ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தன் கையையே முறைத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"மாஸ்டர், நம்பர் சொல்ல வேணாம். நம்பர் காதுல வுழுந்தா கை தானா எழுந்துக்குது."

அட! வகுப்பில் ஜரீனா 'ஒன், டூ, த்ரீ' சொல்லச் சொல்ல, பெண்கள் குத்துவார்கள். இவர் நடந்துகொண்டே தடுப்பார். வருஷக்கணக்காக இதே பழக்கம். எண்ணைக் கேட்டால் கை சும்மா இருக்குமா?

"எல்லாரும் அந்தாண்ட திரும்பிக்கினு நில்லுங்கடி!" என்று தன் பெண்களுக்கும் ஓர் அதட்டல் போட்டார். யார் திரும்புவார்கள்? நானே திரும்பவில்லையே!

இந்தத் தடவை எண்ணிக்கை இல்லை. மாஸ்டர் கர்ச்சீப்பை ஆட்டினார். குத்து வந்தது. ஜரீனாவின் கை எழவில்லை. தலை சடாரென்று திரும்பியது, முடி பறந்தது, அப்படியே பின்னால் போய் விழுந்தார் பாருங்கள்! குத்துச் சத்தத்தை அப்புறம் ஸ்டூடியோவில்தான் சேர்ப்பார்களாம். ஆனால் எனக்குக் கேட்டதே! சத்தியமாகக் கேட்டது!

"ஐயோ, அக்கா!"

பெண்கள் கயிற்றைத் தாண்டி ஓடினார்கள். ஒருத்தி கதாநாயகியின் போலீஸ் சட்டைக் காலரையே பிடித்துவிட்டாள். "எங்க அக்காவை இன்னாடி பண்ணே?" மும்பையிலிருந்து வந்த அந்தக் கதாநாயகியோ, நிஜமாகவே பட்டுவிட்டது என்று பயந்து, "சாரி, சாரி" என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஜரீனா எழுந்து வந்து, "படவே இல்லடி, நல்லா பாரு" என்று கன்னத்தைக் காட்டினார். ஒருத்தியும் நம்பவில்லை. மாஸ்டர் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ரயிலில் திரும்பும்போது எனக்கு இருப்பே கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக யாருக்குக் கைதட்டி வந்தோம்? குத்தியவருக்கு! அந்தக் கதாநாயகி கராத்தே பழகியது ஒரு வாரம்தான். குத்தும்போது மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி மடங்குகிறது. அவரை வீராங்கனை ஆக்கியது ஜரீனாவின் கழுத்து திரும்பிய திருப்பு! ஆபீஸில், வீட்டில், தெருவில் நாம் காட்டுகிற வீரமும் இப்படித்தானோ... எதிரில் நிற்பவர் தயவில்தான் ஓடுகிறதோ?

மறுநாள் சாயங்காலம் மனசு கேட்காமல் போன் போட்டேன். "க்ளாஸுக்கு வந்தாங்களா?"

"எல்லாருமே வந்துட்டாளுங்கண்ணா. ஒருத்தி கூட பாக்கி இல்ல."

"அப்பாடா! அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"வந்ததும் வராததுமா ஒருத்தி கேக்கறாண்ணா... 'உன்னையே ஒரே குத்துல சாய்ச்சுதே அந்தம்மா... அவங்க எந்த ஊர்ல க்ளாஸ் எடுக்கறாங்கக்கா?'"