லண்டன் சித்தியின் நீலப் புள்ளி

அம்மாவின் தங்கை, லண்டன் சித்தி, போனமுறை வந்தபோது தன் போனிலும் சித்தப்பாவின் போனிலும் இருக்கிற ஒரு அப்பை எங்கள் போன்களிலும் போட்டுவிட்டுப் போனார். ஆர் எங்கே நிற்கிறார்கள் என்று அது வரைபடத்தில் நீலப் புள்ளியாகக் காட்டும். "உங்கடை பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

அதற்குப் பிறகு மருதனார்மடம் சந்தியில் சிநேகிதியோடு நின்று ரோல்ஸ் சாப்பிட முடியவில்லை. லண்டனிலிருந்து போன் அடிக்கும். "பிள்ளை, ஏன் கனநேரமா ஒரே இடத்திலை நிக்கிறாய்? ஆரோடை கதைக்கிறாய்?"

அம்மாவையும் விடவில்லை. "கோயிலுக்கெண்டு வெளிக்கிட்டனீங்கள், ஏனக்கா சுன்னாகம் சந்தைக்குள்ளை நிக்கிறியள்?" அம்மா வெங்காயப் பையோடு நின்று முழுசுவார்.

ஒருநாள் பின்னேரம், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சும்மா வரைபடத்தைத் திறந்தேன். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலேரிக் கரையில், ஒரு புள்ளி. பெரிதாக்கினால் சித்தியின் படம்.

"அம்மா, சித்தி கொழும்புத்துறையிலை நிக்கிறா."

"விசர்க் கதை கதையாதை. காலமைதானே லண்டனிலை குளிரெண்டு சொன்னவள்."

சொன்னாரே தவிர, உடனே போனை எடுத்தார். "என்ன தங்கச்சி, எப்பிடி இருக்கிறாய்?"

"ஐயோ அக்கா, வெளியிலை தலை காட்டேலாது. ஒரே ஸ்னோ."

பின்னால் ஒரு காகம் கத்தியது. தொடர்ந்து மீன்காரனின் ஹோர்ன்.

"உங்கை ஸ்னோவுக்குள்ளையும் மீன் விக்கினமோ?"

"லைன் கிளியரில்லை அக்கா." போன் நின்றுவிட்டது.

அம்மா சேலை மாற்றினார். ஓட்டோ பிடித்துப் போனோம். கரையோர விடுதி முற்றத்தில் சித்தி ஒரு பெரிய தொப்பியோடு இருந்து நண்டுக்கால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தொப்பியை முகத்துக்கு இழுத்தார்.

"கழட்டு," என்றார் அம்மா.

எங்களை வேவு பார்க்கிற அவசரத்தில், தன் போனும் காட்டிக்கொடுக்கும் என்பதைச் சித்தி மறந்தே போயிருந்தார். கண் கலங்கிவிட்டது.

"வந்தால் ஒவ்வொரு வீடாப் போகோணும் அக்கா. போகாட்டில் கோவம். ஒருத்தரும் ஒண்டும் கேளாமல் நாலு நாள் சும்மா இருக்கோணும் போல கிடந்தது."

அம்மா வெடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "எங்களுக்கும் அப்பிடித்தானடி இருக்கு."

 சித்தி நண்டுத் தட்டை அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டு, தன் போனை என்னிடம் நீட்டினார். "உந்த அப்பை எடுத்துவிடு பிள்ளை. எல்லாற்றை போனிலையும் எடு."

"கொஞ்சம் பொறு," என்றார் அம்மா. "எடுக்கமுன்னம், சித்தப்பா எங்கை நிக்கிறாரெண்டு ஒருக்காப் பாப்பம்."

சகோதரிகள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். சித்தப்பா லண்டன் வீட்டில்தான் இருந்தார். அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம்.

பிறகுதான் அழித்தேன்.