நாய்க்குத் தண்ணீர் வார்த்த நாள்

விறாந்தைச் சீமெந்தில் இரத்தத் துளிகளைக் கண்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் ஊர் வட்டக்கச்சி வயல்களில் பன்றிக்கு வெடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கடித்துத் தாடை போன நாய்களைப் பார்த்திருக்கிறேன். என் பெட்டை நாயைப் பிடித்து முதலில் வாயைத் திறந்து பார்த்தேன், பிறகு ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். எங்கும் காயமில்லை. அவளோ வாலுக்கடியில் நக்கிக்கொண்டு, இதென்ன கூத்து என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நக்கிய இடம் வீங்கியிருந்தது.

அடுத்த வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்பிடாதை பிள்ளை. உன்ரை பெட்டை பெரிசாகிட்டுது."

அவருக்குச் சிரிப்பு. எனக்கோ ஒரு பயம் போய் இன்னொன்று வந்தது. பெட்டை என்பதற்காகவே யாரோ சாக்கில் கட்டிக் குளக்கட்டில் போட்டுவிட்டுப் போன குட்டி அவள். இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை, விலா எலும்பு தெரியும் உடம்பு. இப்போதே வயிற்றில் குட்டி தங்கினால் செத்துப்போவாள் என்று பயந்தேன். சங்கிலியில் கட்டினேன். ஊரில் இருந்த கடுவன் நாயெல்லாம் எங்கள் வேலிப் படலையடியில், வாசலை மறித்து வந்து படுத்தன. கிட்ட வந்ததை அவள் உறுமித் துரத்தினாள். கெட்டிக்காரி என்று கொஞ்சம் ஆறுதல் பட்டேன்.

இரத்தம் வரவர வெளிறி, ஒருநாள் நின்றேவிட்டது.

"முடிஞ்சுது. தண்ணி வாத்து அவிட்டு விடு" என்றார் அக்கா.

எங்கள் பெண்பிள்ளைகள் பெரிசானாலும் அப்படித்தானே செய்கிறோம்? தண்ணீர் வார்த்தால் வீட்டுக்குள் இருந்தவள் வெளியே வரலாம். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கிணற்றடியில் வடிவாகக் குளிப்பாட்டினேன், மஞ்சள் ஒன்றுதான் பூசவில்லை. சங்கிலியை அவிழ்த்துவிட்டு, துவாயைக் கொடியில் போட்டுத் திரும்பினால் அவளைக் காணவில்லை. படலையடியில் ஒரு கடுவனும் இல்லை.

வேலியில் கிடந்த தடியை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடியபடியே மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ அம்மா, இரத்தம் குறைஞ்சாப் பிறகுதான் கவனமா இருக்கவேணும். இனித்தான் அது கடுவனைக் கிட்ட விடும். தொடங்கி மூண்டு கிழமை, இருபத்தொரு நாளைக்கெண்டாலும் கட்டி வைச்சிருக்கவேணும்" என்றார் அவர். "இணைஞ்சு நிண்டா மட்டும் இழுத்துப் பிரிக்காதேங்கோ. ரெண்டுக்கும் உள்ளுக்குள்ளை காயம் வரும்."

வாய்க்கால் கட்டின் மேல் அவளைக் கண்டேன். அவளைவிட இரண்டு மடங்கு பெரிய கடுவனோடு பின்னுக்குப் பின் ஒட்டி நின்றாள். சுற்றிவர மற்ற நாய்கள் பல்லைக் காட்டின. வயலில் நின்ற ஒருவர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அடியாதேங்கோ அண்ணை! அது தானா விலகும்."

"றோட்டுக்கரையிலை இந்தக் கண்றாவியைப் பாத்துக்கொண்டு நிக்கிறியே பிள்ளை?"

நின்றேன். எனக்கு நாய்களைக் கண்டும் பயம், அவரைக் கண்டும் பயம், அவளுக்குள் என்ன நடக்கிறதோ என்று எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். தடுக்க ஓடிவந்த நான், தடியோடு அதற்கே காவல் நின்றேன். அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் இரண்டும் தானாக விலகின. மற்ற நாய்களைத் துரத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் என் கையிலிருந்த தடியைப் பார்த்தாள். வயிறு நிலத்தில் தேயப் பின்னுக்குப் போனாள். இத்தனை நாயையும் விட்டுவிட்டு என்னைக் கண்டு பயந்தாள்.

தடியை வாய்க்காலில் எறிந்தேன். அப்போதும் அவள் வரவில்லை. சேற்றில் குந்தியிருந்து அழுதேன்.